காயலான் கடை டேபிள் ஃபேனும் அம்மாவோட தார் ராட்டையும்

அம்மாவுக்கு ரெண்டு மாசமா வலது தோள் தூக்க முடியல. தலை வாரவே கஷ்டப்படுறாங்க, ஆனா தார் சுத்துறத மட்டும் நிறுத்த மாட்டேங்குறாங்க, ஏன்னா சித்தப்பா தறியில உக்காந்தா அவருக்கு தார் போய்கினே இருக்கணும். தார்னா தெரியாதவங்களுக்கு, நாடாவுக்குள்ள (தறியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுற கட்டை) போடுற சின்ன குச்சியில ஊடை நூல, அதாவது குறுக்கு நூல, சுத்தி வெக்குறது. ஒரு சக்கரத்த வலது கையால சுத்தணும், இடது கையால நூல விடணும், இவ்ளோதான் வேலை, ஆனா நாள் பூரா. மில்லு கணக்குல ஒரு சிட்டா, அதாவது ஒரு நூல் கட்டு, 840 கஜம், மீட்டர்ல சொன்னா 768. அத அம்மா ஒரே தோள்பட்டையில 40 வருஷமா சுத்திகினு இருக்காங்க.

எங்க பள்ளிப்பட்டு பக்கம் இப்ப எங்க திரும்பினாலும் பவர்லூம் சத்தம்தான், கைத்தறி வெச்சிருக்கிற வீட்ட தேடித்தான் புடிக்கணும். அதுல எங்க வீடு ஒண்ணு. மோட்டர் வெச்ச ராட்டை ரெடிமேடா கிடைக்குது, வாங்கிடலாம்னு பாத்தா அம்மா "அந்த காசுல ரெண்டு மாச அரிசி வரும்"னு சொல்லிட்டாங்க. சரி, பழைய ஃபேன் மோட்டர வெச்சு நாமளே பண்ணிடுவோம்னு ஆரம்பிச்சதுதான் இது. ஒரு ஞாயித்துக்கெழமை வேலைன்னு நெனச்சேன். அஞ்சு ஞாயிறு ஆச்சு.

ஃபேன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவுல, நகரியில ஒரு காயலான் கடையில கிடைச்சுது, 180 ரூபா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்களும் சித்தூர் ஜில்லாதான், எல்லைய மாத்தி எழுதினப்ப திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் இந்தப் பக்கம் வந்துச்சு, நகரி, புத்தூர் அந்தப் பக்கமே நின்னுடுச்சு. மேப்புலதான் அந்தக் கோடு. எங்களுக்கு பொண்ணு எடுக்குறதும் பழைய இரும்பு எடுக்குறதும் இன்னிக்கும் அங்கதான். பதினாறு இன்ச் டேபிள் ஃபேன், கூண்டு நசுங்கியிருந்துச்சு, ப்ளக்ல குத்தினா "ம்ம்ம்"னு ஒரு சத்தம், றெக்கை அசையல. பக்கத்துலயே காயில் கட்டுற அண்ணன் ஒருத்தரு, அவரு ஷாஃப்ட்ட விரலால ஒரு திருப்பு திருப்பிட்டு, "காயில் பாகுந்தி தம்முடு, புஷ்ஷே பட்டேசிந்தி"ன்னாரு. காயில் நல்லா இருக்கு, புஷ்தான் புடிச்சிகினு இருக்குன்னு அர்த்தம். காசு கேக்கல. ரெண்டு செகண்டுல சொன்னாரு, நானா இருந்தா மொதல்ல காயில பிரிச்சிருப்பேன்.

அவரு சொன்னது சரி. இந்த மாதிரி டேபிள் ஃபேன்ல பால் பேரிங் இருக்காது, ரெண்டு பக்கமும் வெண்கலப் பொடிய அழுத்தி செஞ்ச புஷ், அத சுத்தி எண்ணெய் ஊறின ஒரு ஃபெல்ட் வளையம். பத்து வருஷத்துல அந்த எண்ணெய் காஞ்சு கோந்து மாதிரி ஆயிடும். மண்ணெண்ணெய்க்கு வீட்ல வழியில்ல, தின்னர்ல ஊறவெச்சு, பழைய வேட்டி துணிய திரிச்சு உள்ள விட்டு இழுத்தா தார் ரோடு மாதிரி கருப்பா வந்துச்சு. தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு ஃபெல்ட்ல. தேங்காண்ணெய் மட்டும் ஊத்திடாதீங்க, நல்லா ஓடுற மாதிரி ஓடி கொஞ்ச நாள்ல திரும்ப கோந்தாயிடும், எங்க வீட்ல எல்லா கீலுக்கும் அதைத்தான் ஊத்துவாங்க.

இப்ப கிளம்புச்சு, ஆனா சோம்பேறித்தனமா. கண்டன்சர் மேல 2 எம்எஃப்டின்னு (மைக்ரோஃபாரட், அதோட அளவு) போட்டிருக்கு, மல்டிமீட்டர்ல வெச்சா 0.9தான் காட்டுது. இந்த மோட்டர்ல ரெண்டு வைண்டிங், ரன்னிங் ஒண்ணு, ஸ்டார்ட்டிங் ஒண்ணு. ஸ்டார்ட்டிங்குக்கு போற கரண்ட்ட கண்டன்சர்தான் கொஞ்சம் முன்னாடி தள்ளி விடுது, அந்த முன்ன பின்ன இருக்கிறதாலதான் நடுவுல சுத்துற ரோட்டாருக்கு எந்தப் பக்கம் சுத்தணும்னே தெரியுது. அது வீக்கானா கையால தள்ளிவிட்டாதான் ஓடும். புதுசு 60 ரூபா. 440 வோல்ட்னு எழுதியிருக்கிறதா பாத்து வாங்கணும். நம்ம கரண்ட்டு 230தானேன்னு தோணும், ஆனா ஓடும்போது கண்டன்சர் ரெண்டு காலுக்கும் நடுவுல அதைவிட நெறைய வரும்.

ஒயருக்கு வர்றேன். ஸ்பீடு பட்டன் இருந்த அடிக்கட்டைய தூக்கிப் போட்டாச்சு, மோட்டர்ல இருந்து அஞ்சு ஒயர் மட்டும் தொங்குது. கலர நம்பவே கூடாது, முன்னாடி எவனோ ரிப்பேர் பண்ணப்ப கையில கெடச்ச ஒயர சேத்திருக்கான், நீலத்துக்கு நடுவுல செவப்பு ஒட்டு. அதனால மீட்டர ஓம்ஸ்ல வெச்சு ரெண்டு ரெண்டா எல்லாத்தையும் அளந்து காலண்டர் பின்பக்கத்துல எழுதினேன், அஞ்சு ஒயர்னா பத்து ஜோடி. ஒரு ஒயர்ல இருந்து பாத்தா 380, 440, 500னு படிப்படியா ஏறுது. அந்த ஒரு ஒயர்தான் காமன், படியா ஏறுறது மூணும் ஸ்பீடு ஒயர். இந்த ஃபேன்ல ஓம்ஸ் கம்மியா இருக்கிறதுதான் ஃபுல் ஸ்பீடு. மிச்சம் நின்னது கண்டன்சருக்கு போற ஸ்டார்ட்டிங் ஒயர்.

நேரா ப்ளக்ல குத்தல. சீரிஸ் லைட் போட்டுத்தான் குடுத்தேன், 60 வாட்ஸ் குண்டு பல்பு வழியா. பல்பு பளீர்னு எரிஞ்சா உள்ள ஷார்ட்டு, மங்கலா எரிஞ்சா பயமில்ல. மங்கலாத்தான் எரிஞ்சுது. இன்னொரு விஷயம், இந்த மாதிரி ஃபேனுக்கு ரெண்டு பின் ப்ளக்தான், எர்த் கிடையாது. ஃபேனா மேசை மேல இருக்கிற வரைக்கும் சரி. இங்க அம்மா தரையில காலு நீட்டி உக்காந்து அந்த இரும்பு பாடிக்கு ஒரு அடி தள்ளி வேலை பண்ணப்போறாங்க, மழைக்காலத்துல எங்க வீட்டு தரை வேர்த்து ஊத்தும். அதனால மூணு கோர் ஒயர் போட்டு பாடியில பெயின்ட்ட சுரண்டி எர்த்த முறுக்கினேன், வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபியும் (கரண்ட்டு கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) மாட்டினேன். மொத்த செலவுல அதுதான் பெருசு. அதுல மட்டும் அம்மா சொன்ன அரிசிக் கணக்க நான் கேக்கல.

சரி, றெக்கைய கழட்டிட்டு, ஆட்டுற கியர் பொட்டியையும் கழட்டிட்டு, மூணு ஸ்பீடு ஒயரையும் ஒரு ரோட்டரி சுவிட்ச்ல கொண்டுவந்து மாட்டினேன். மெல்லிசு நூலுக்கு ஒண்ணு, தடி நூலுக்கு மூணுன்னு மனசுக்குள்ள பெரிய ப்ளான். போட்டா மூணும் ஒரே ஸ்பீடு! சுவிட்ச்தான் தப்பா மாட்டிட்டேன்னு ரெண்டு தடவை பிரிச்சு சேத்தேன். அப்புறம் ஷாஃப்ட்டுல ஒரு வட்டமான அட்டைய சொருகி சுண்ணாம்பால ஒரே ஒரு கோடு போட்டு, தறிமேடையில இருக்கிற பழைய சோக்கு ட்யூப்லைட் வெளிச்சத்துல ஓடவிட்டேன். ஒரு கோடு நாலு கோடாத் தெரிஞ்சுது. நாலும் கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே நின்னு, மெதுவா பின்பக்கமா நகருது.

இத நான் அரை மணி நேரம் பாத்துகினு உக்காந்திருந்தேன், அவ்ளோ அழகு. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல சோக்கு ட்யூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். இந்த மாதிரி நாலு போல் (காந்த முனை) மோட்டரு அதிகபட்சம் நிமிஷத்துக்கு 1500, அதாவது செகண்டுக்கு 25 சுத்து. 100ஐ 25ஆல வகுத்தா நாலு கோடு. மோட்டர் 1500ஐ முழுசா தொடாது, கொஞ்சம் பின்தங்கும், அந்தப் பின்தங்கல்தான் கோடு பின்னாடி நகர்றது. ஒண்ணாம் ஸ்பீடுல வெச்சா கொஞ்சம் வேகமா பின்னாடி போகுது, மூணுல மெதுவா. அவ்ளோதான் வித்தியாசம். றெக்கை இருக்கும்போது காத்த தள்ளுற பாரம் இருக்கு, கரண்ட்ட கொறச்சா மோட்டரால இழுக்க முடியாம ஸ்பீடு இறங்கும், ஃபுல்லுலயே 1300 சொச்சம்தான் சுத்தும். பாரமே இல்லேன்னா கொறச்சாலும் அது 1500 பக்கத்துலதான் போய் நிக்கும். ஸ்பீடு பட்டன் வேலை பண்றதே றெக்கைய நம்பித்தான். தையல் மெஷின் பெடலையும் ஒருத்தர்கிட்ட வாங்கி மாட்டிப் பாத்தேன், அது வேற ஜாதி மோட்டருக்கானது, இதுல போட்டா உறுமிகினு சூடாவுதே தவிர அடங்கல.

சூடுன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்கே இருபத்தஞ்சு நிமிஷம் ஓடிச்சு, வார்னிஷ் வாசனை வந்துச்சு, தொட்டா கை வெக்க முடியல, நான் சுவிட்ச்சுக்கு போறதுக்குள்ள அதுவே நின்னுபோச்சு. மீட்டர் வெச்சா காமன்ல இருந்து எதுக்குமே தொடர்பு இல்ல. காயில் போச்சுன்னு தலையில கைவெச்சு உக்காந்துட்டேன். பாத்தா மோட்டர குளுமையா வெச்சிருந்ததும் அந்த றெக்கைதான், பின்பக்கம் இருந்து இழுக்குற காத்து மோட்டர் மேலயே போகும். நான் பாட்டுக்கு அத கழட்டி எறிஞ்சுட்டேன்.

நாலு ஸ்க்ரூ கழட்டி ஸ்டேட்டர, அதாவது காயில் இருக்கிற சுத்தாத பாகத்த, வெளிய எடுத்தா, காயில் கட்டுக்குள்ள வெள்ளை ஸ்லீவுல ஒரு சின்ன சாமான் ஒளிஞ்சிகினு இருந்துச்சு, தெர்மல் ஃப்யூஸ். 130 டிகிரின்னு எழுதியிருக்கு. அதுதான் அவுட்டு, ஒருதரம் போனா போனதுதான், திரும்ப சேராது. காயில் பத்தரமா இருந்துச்சு. சில பேரு அத எடுத்துட்டு ஒயர நேரா முறுக்கி விட்ருவாங்க, யூட்யூப்லயும் அப்படித்தான் காட்றான். நூல் பஞ்சு பறக்குற வீட்ல அத பண்ணா நாளைக்கு தறியோட எரியும். 25 ரூபா சாமான், மாத்துங்க.

மாத்துறதுக்கு முன்னாடி காயில் ஒயர பிளேடால லேசா சுரண்டிப் பாத்தேன், செவப்பா வந்துச்சு, செம்பு. வெள்ளையா வந்திருந்தா அலுமினியம், சாதா ஈயம் ஒட்டாது, அப்பவே மூடி வெச்சுட்டு வேற ஃபேன் தேடியிருப்பேன். முடி மாதிரி மெல்லிசு ஒயரு, மூச்சு விட்டாலே ஆடுது. முதல் ஃப்யூஸ சால்டரிங் பண்ணும்போதே கொன்னுட்டேன். சூடுபட்டா அறுந்துபோற சாமானுக்கு கால்ல போய் சூட்டுக்கோல் வெச்சா வேற இன்னா ஆகும்? ரெண்டாவதுக்கு, ஃப்யூஸ் உடம்புக்கும் சால்டர் வெக்கிற இடத்துக்கும் நடுவுல நோஸ் ப்ளையர கடிக்க விட்டு, அது சூட்ட உறிஞ்சிக்கிற மாதிரி புடிச்சிகினு, ரெண்டே செகண்டு தொட்டு எடுத்தேன். பொழைச்சுது.

பிரிச்சது பிரிச்சாச்சு, இன்னொரு வேலையும் சேத்து பண்ணேன், அதுதான் புத்திசாலித்தனம்னு நெனச்சேன். ராட்டை கதிர் (தார் குச்சிய மாட்டுற கம்பி) சுத்துற திசையும் ஃபேன் சுத்துற திசையும் எதிரும் புதிருமா இருந்துச்சு, அம்மாவுக்கு நூல் மேல்பக்கமா வந்து விழணும், இல்லேன்னா கை வராது. திசைய மாத்தணும்னா ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோட ரெண்டு முனையையும் இடம் மாத்தினா போதும். ஒரு முனை உள்ளயே காமனோட சேத்து கட்டியிருந்துச்சு, அத பிரிச்சு தனியா ஸ்லீவு போட்டு வெளிய இழுத்துட்டேன்.

திரும்ப காயில நூலால கட்டணும். நான் ஊசி நூல் வெச்சு ஒரு பக்கம் கட்டுறதுக்குள்ள வேர்த்துடுச்சு, முடிச்சு நழுவுது. அம்மா பக்கத்துல வந்து "தள்ளு"ன்னாங்க. நூல் மிச்சத்துல ரெண்டு இழைய முறுக்கினாங்க, இடது கையால அமுக்கிகினு காயில சுத்தி ஒரு சுத்து, உள்ள விட்டு ஒரு இழுப்பு, தறியில அறுந்த இழைய முடியிற அதே முடிச்சு. பத்து நிமிஷத்துல மொத்தமும் முடிஞ்சுது, கம்பெனிக்காரன் கட்டினத விட நெருக்கமா. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல, முடிச்சப்புறம் தோள மட்டும் புடிச்சிகினாங்க. மேல வார்னிஷ் தடவி ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சேன்.

குளிர்ச்சிக்கு என்ன பண்றது? அதே பழைய றெக்கைய மூணு இன்ச் மட்டும் விட்டு அறுத்துட்டேன். மூணையும் ஒரே அளவா அறுக்கணும், அட்டையில அச்சு வெட்டி வெச்சு கோடு போட்டு ஹேக்சா ப்ளேடால அறுத்தேன், கொஞ்சம் ஏறுமாறா போனாலும் மொத்தமும் குதிக்கும். றெக்கைக்கு பின்னாடி ஷாஃப்ட்டுல ஒரு நைலான் கப்பி, லேத்துல கடைஞ்சு வாங்கினது. எல்லாம் மாட்டி, திசை மாத்தின மோட்டர போட்டேன். அருமையா ஓடுச்சு. அம்மாவ கூப்ட்டேன், சித்தப்பா தறிய விட்டு எழுந்து வந்தாரு, பக்கத்து வீட்டு அத்தையும் வந்தாங்க. ரெண்டு மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி காட்டினேன். மூணாவது தடவை நட்டு தனியா, றெக்கை தனியா கிளம்பி, றெக்கை போய் அத்தை காலடியில இருந்த மொறத்துல டமால்னு விழுந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மொறத்துல இருந்த உளுந்துதான் செதறுச்சு.

ஏன்னு யோசிச்சுப் பாத்தா சின்ன விஷயம். டேபிள் ஃபேன் றெக்கை நட்டுக்கு இடது மரை, வழக்கமா இறுக்குற பக்கம் திருப்பினாத்தான் கழலும். எதுக்கு அப்படி வெச்சிருக்கான்னா, ஃபேன் கிளம்புற ஒவ்வொரு தடவையும் நட்டு ஒரு துளி பின்தங்கும், அந்தப் பின்தங்கல்லயே தானா இறுகிக்கும். நான் திசைய திருப்பினதும் அதே கணக்கு ஒவ்வொரு தடவையும் நட்ட கழட்ட ஆரம்பிச்சுடுச்சு.

உளுந்த பொறுக்கிகினே அம்மா கேட்டாங்க, "ஏன்டா, பெல்ட்ட குறுக்கால எட்டு மாதிரி போட்டா இது அந்தப் பக்கம் சுத்தாதா? எங்க அம்மா வீட்டு ராட்டையில கயிறு அப்படித்தான் கெடக்கும்."

சித்தப்பா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. நல்லவேளை ஸ்டார்ட்டிங் முனை ரெண்டையும் வெளிய இழுத்து வெச்சிருந்தேன், காயில பிரிக்காம வெளியிலயே மாத்தி பழைய திசைக்கு கொண்டுவந்துட்டேன். றெக்கைய சுத்தி கம்பிவலை கூண்டு, அம்மா முந்தானை உள்ள போகாம. பெல்ட்டு எட்டு மாதிரி.

கப்பி அளவுலயும் ஒரு தடவை சறுக்கினேன். முதல்ல மோட்டர்ல ரெண்டு இன்ச், கதிர்ல ஒரு இன்ச்னு போட்டு கதிர் 2800 சுத்து சுத்துச்சு, சிட்டா மாட்டின கூண்டு அந்த வேகத்துக்கு ஈடுகுடுக்க முடியாம நூல் பட்டு பட்டுன்னு அறுந்துச்சு. தலைகீழா மாத்தினேன், மோட்டர்ல ஒரு இன்ச், கதிர்ல ரெண்டு, இப்ப 700 சொச்சம். தார் சுத்தளவு சராசரி 5 சென்டிமீட்டர்னு வெச்சா நிமிஷத்துக்கு 35 மீட்டர், ஒரு சிட்டா 22 நிமிஷத்துல முடியணும். அறுந்து முடிச்சு போடுற நேரம் சேத்து அம்மாவுக்கு அரை மணி ஆகுது. கரண்ட்டப் பத்தி கவலையே இல்ல, 50 வாட்ஸ் மோட்டர் நாலு மணி நேரம் ஓடினாலும் 0.2 யூனிட்தான்.

நூல் அறுந்தா டக்குனு நிக்கணும், அதுக்கு சுவிட்ச்ச ஆஃப் பண்ணா மோட்டர் சுத்து அடங்குறதுக்குள்ள நாலு சுத்து வீணா ஏறிடும். அதனால மோட்டர ஒரு பலகையில வெச்சு, பலகைக்கு ஒரு பக்கம் கீல், இன்னொரு பக்கம் கயிறு கட்டி கால் பெடல். மிதிச்சா பெல்ட்டு இறுகும், கதிர் சுத்தும், கால எடுத்தா பெல்ட்டு தொளதொளன்னு ஆகி கதிர் நின்னுடும். மோட்டர் பாட்டுக்கு ஓடிகினே இருக்கும். இதுல இன்னொரு லாபமும் இருக்கு, இந்த மாதிரி மோட்டருக்கு கிளம்பும்போது இழுப்பு கம்மி, பாரத்தோட கிளப்பினா முக்கும், இப்ப அந்தத் தொல்லையே இல்ல.

ரெண்டு மணி நேரம் ஓடினாலும் பாடி மேல கை வெக்க முடியுது. அம்மா வலது கைய மடியில வெச்சிகினு இடது கையில நூல் விடுறாங்க, அந்த வலது கைக்கு என்ன பண்றதுன்னு தெரியாம அப்பப்ப சக்கரம் இருந்த இடத்துல காத்துல ஒரு சுத்து போகுது. கருப்பு நூல் மட்டும் மோட்டர்ல போட விடல. சாயத்துல இத்துப்போன நூலு, கால் மிதிக்குற வேகத்துக்கு தாங்காதாம், அதுக்கு பழைய ராட்டைய கொல்லைப்புறத்துல இருந்து தொடைச்சு எடுத்து வெச்சிருக்காங்க. அத்தை வீட்லயும் ஒரு ஃபேன் கெடக்குதாம், கூரை ஃபேன், அதுல பண்ணமுடியுமான்னு கேட்டாங்க. அது வேற கதை, அதுல ஷாஃப்ட் நிக்கும், வெளிப்பக்கம்தான் சுத்தும்னு சொன்னேன். "அப்ப வெளிப்பக்கத்துலயே பெல்ட்ட போடேன்"னுட்டு போயிட்டாங்க.